என் கத்திக்கு நீ செய்த உறை

இன்றைக்குக் காலையில் மருமகள் நல்லெண்ணெய் கேனை அடுப்புக்கு மிகவும் ஒட்டி வைத்துவிட்டாள். பால் பொங்குகிறதா என்று அவள் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் கேனின் விலா மெல்ல இளகி உள்ளே குழிந்துவிட்டது. புகை இல்லை. வாடை மட்டும் வந்தது. கருகின வாடை அல்ல, கருகுவதற்குக் கொஞ்சம் முந்தின வாடை. "அத்தே, கேன் போச்சு" என்று அவள் பதறினாள். நான் கூடத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை. அந்த வாடையை இழுத்து இழுத்து முகர்ந்துகொண்டு செத்த நேரம் அப்படியே இருந்துவிட்டேன். உன் வீட்டு அடுப்படி வாடை அது.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உனக்கு நான் ஒரு நாளும் கடிதம் எழுதியதில்லை. நாலு வீடு தள்ளி இருக்கிறவளுக்கு எதற்குக் கடிதம்? வாசலில் நின்று "ஏட்டி" என்று ஒரு குரல் கொடுத்தால் ஈரக்கையோடு வந்து நிற்பாய். அப்படி வந்து நின்றபோதெல்லாம் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். பத்தாவது வரை படித்ததற்கு இதுவாவது ஆகட்டும்.

நாம் இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே தெருவுக்கு ஒரே வருடம் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். ராஜபாளையத்துக் கல்யாணச் சமையல் மாஸ்டரிடம் காய் நறுக்குகிற வேலைக்கு முதலில் போனது நீ. பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். காலை பஸ்ஸில் போய் மண்டபத்தில் இறங்கினால், மறுநாள் மதியப் பந்தி முடிந்துதான் ஊர் திரும்புவோம். அந்த வேலையில் அவரவர் கத்தியை அவரவரே கொண்டுபோக வேண்டும். உன்னுடையது குட்டைக் கத்தி. அதை வைத்துக்கொண்டு வெங்காயத்தை நூல் நூலாகச் சீவுவாய். என்னுடையது நீளக் கத்தி. பூசணி, சேனை, முட்டைக்கோஸ் எல்லாம் என் பங்கு.

முதல் இரண்டு வருடம் கத்தியை நியூஸ் பேப்பரில் சுற்றித்தான் பையில் போட்டுக்கொண்டு போனோம். அந்த ஐப்பசி மாதத்து நெரிசல் உனக்கு நினைவிருக்கும். பஸ்ஸில் நிற்க இடமில்லை. என் பை உன் கால் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. மழையில் பேப்பர் ஊறி, கத்தி முனை பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததை நான் கவனிக்கவில்லை. டிரைவர் பிரேக் போட்டார். நீ கத்தவில்லை. "ஏட்டி, உன் கத்திக்கு எம் மேல என்னட்டி கோவம்?" என்று மட்டும் கேட்டாய். குனிந்து பார்த்தால் உன் கெண்டைக்காலில் நீளமாக ஒரு கீறல், பாவாடை ஓரமெல்லாம் ரத்தம். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். நீ என் கர்ச்சீப்பை வாங்கி இறுக்கிக் கட்டிக்கொண்டு, அன்றைக்கு முழுவதும் மண்டபத்தில் ஒரு காலை நீட்டி வைத்தபடி வெங்காயம் நறுக்கினாய்.

ஊருக்கு வந்ததும் நீ செய்த முதல் காரியம் உறை செய்யப் பார்த்ததுதான். "கத்திக்கும் ஒரு சட்டை வேணும்ட்டி. அம்மணமா பஸ்ல வரலாமா அது?" என்று சிரித்தாய். முதலில் தண்ணீர் பாட்டிலை வெட்டிச் சூடு காட்டினாய். அது வெந்த அப்பளம் போலச் சுருண்டுபோனது. அடுத்து பினாயில் டப்பா. உறை அழகாக வந்துவிட்டது, ஆனால் எத்தனை கழுவியும் வாடை போகவில்லை. அந்தக் கத்தியால் கீறின தேங்காயைத் தின்றுவிட்டு மாஸ்டர் "யாருடி இதக் கக்கூஸ்ல வச்சுக் கீறுனது?" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. நீ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய்.

பொறவுதான் சமையல் எண்ணெய் வருகிற வெள்ளைக் கேனைப் பிடித்தாய். மண்டபத்தில் அதற்கென்ன பஞ்சம்? சோப்புத்தூள் போட்டு இரண்டு தரம் கழுவி, வெயிலில் காய வைத்து, பக்கவாட்டை ஒரே பட்டையாக வெட்டி எடுப்பாய். கொதிக்கிற தண்ணீரில் பட்டையை முக்கி, இடுக்கியால் தூக்கி, கத்தி அலகுக்கு மேலே மடித்து, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அம்மிக் குழவியைப் படுக்கப் போட்டுவிடுவாய். ஆறினதும் அது கத்தியின் உருவத்திலேயே நிற்கும். அடுப்பில் காய்ச்சிய ஆணியால் ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, மீன் பிடிக்கிற நைலான் நரம்பால் தைப்பாய். முனையில் ஒரு சின்ன ஓட்டை. "தண்ணி தங்குனா துருப்பிடிக்கும்லா" என்பாய். மேலே ஒரு காது, பாவாடை நாடாவில் கோத்துக்கொள்ள. மண்டபத்தில் பிள்ளைகள் குறுக்கே நெடுக்கே ஓடும்போது கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கக் கூடாது, இடுப்பில் உறைக்குள் இருக்க வேண்டும் என்பது நீ போட்ட சட்டம்.

முதல் உறை என் கத்திக்குத்தான் செய்தாய். கால் கீறினவள் நான், சட்டை தைத்தவள் நீ.

அதன் பிறகு கேட்டு வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். மண்டபத்துக்கு வாழைத்தார் கொண்டுவருகிற சேத்தூர்க்காரர் தன் அரிவாளுக்குக் கேட்டார். செட்டியார்பட்டியில் கறிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர், கல்யாணத்துக்குக் கறி போட வந்தவர், தன் வெட்டுக்கத்தியை நீட்டி "இதுக்கு ஒரு சட்டை தைக்க முடியுமா தங்கச்சி?" என்றார். அதற்குக் கேன் பற்றாது என்று உடைந்த நீல டிரம்மை வெட்டிச் செய்துகொடுத்தாய். நான் ஒன்றுகூடச் செய்து பழகவில்லை. "உனக்குப் பொறுமை கிடையாதுட்டி, குடு" என்று நீயே வாங்கிக்கொண்டு போவாய். நானும் அதை என் உரிமை போல எடுத்துக்கொண்டேன்.

இனி அந்த நாள்.

முந்தின முகூர்த்தத்தில் என் உறையின் தையல் விட்டுப்போனது. "கத்தியோட குடு. அளவு வச்சுத் தைக்கணும். பஸ் ஏறும்போது தாரேன்" என்று வாங்கிக்கொண்டு போனாய். அப்படித்தான் என் கத்தியும் உன் பையில் இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் அன்றைக்குச் சோதனை. முதல் நாள் இரண்டு தெருப் பையன்களுக்குள் ஏதோ வெட்டுக்குத்து என்று பேசிக்கொண்டார்கள். போலீஸ்காரர்கள் நின்று பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உனக்கு இரண்டு ஆள் முன்னால் நான் இருந்தேன். என் பையில் மாற்றுச் சேலையும் சாப்பாட்டுத் தூக்கும்தான். என்னை விட்டுவிட்டார்கள். நான் போய் ராஜபாளையம் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு உனக்காகத் திரும்பிப் பார்த்தேன்.

ஒரு பெண் போலீஸ் உன் பைக்குள் கையை விட்டு இரண்டையும் வெளியே எடுத்தார். வெள்ளை வெளேரென்று, பழசைத் தைக்காமல் நீ புதிதாகவே செய்துவிட்ட உறையில் என் கத்தி. பக்கத்தில் மஞ்சள் பூத்த உறையில் உன் கத்தி.

"என்னது இது?"

"காய் நறுக்குற கத்திம்மா. கல்யாண வேலைக்குப் போறேன்."

போறோம் என்று நீ சொல்லவில்லை. போறேன் என்றாய். அந்த ஒரு எழுத்தை இந்த ஒன்பது வருடத்தில் நான் எத்தனை தரம் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறேன், தெரியுமா?

"உறையெல்லாம் நீயே செஞ்சதா? இடுப்புல மாட்டத் தோதா காது வேற வச்சிருக்க?"

"எண்ணெய் கேன்ல செஞ்சதும்மா. பஸ்ல யார் மேலயும் குத்திரக் கூடாதுல்லா."

பேப்பரில் சுற்றிக் கிடந்திருந்தால் அது காய்கறிக் கத்தி. அளவெடுத்துத் தைத்த உறையில் இருந்ததால் அது வேறு என்னவோ ஆகிவிட்டது. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. முந்தின நாள் ரத்தத்தைப் பார்த்தவர்.

"சரி, ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு கத்தி?"

நான் பத்தடி தூரத்தில்தான் நின்றேன். அந்தக் கேள்வி எனக்குத் தெளிவாகக் கேட்டது. "அதுல ஒண்ணு என்னுதும்மா" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொல்லியிருந்தால் இரண்டு பேரும் கல்யாண வேலைக்காரிகள் என்று அங்கேயே தெரிந்திருக்கும். மாஸ்டருக்குப் போன் போட்டுக் கேட்டிருப்பார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

"ரெண்டும் என்னுதுதாம்மா. ஒண்ணு வெங்காயத்துக்கு, ஒண்ணு பூசணிக்கு" என்றாய் நீ.

"ஏறுதியா இல்லையாம்மா?" என்று கண்டக்டர் அதட்டினார். நான் ஏறிவிட்டேன்.

பஸ் திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ எனக்குக் கண்ணைக் காட்டினாய், "நீ போ, நான் பாத்துக்கிடுதேன்" என்பது மாதிரி. இப்படித்தான் எனக்கு நானே பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மகளிடம்கூட ஒரு தரம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். இது உனக்கு எழுதுகிற மடல், இதில் பொய் எழுத முடியாது. நீ கண்ணைக் காட்டவில்லை. நீ பஸ் பக்கம் திரும்பவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். கண்ணைக் காட்டினதாகச் சேர்த்துக்கொண்டது நான்.

மண்டபத்தில் மாஸ்டர் கேட்டார்: "எங்கட்டி உன் சோடி?"

"தெரியல மாஸ்டர். பஸ் ஸ்டாண்டுல காணோம்."

பஸ் ஸ்டாண்டில் வாய் திறக்காததற்குப் பயம் என்று ஒரு காரணம் சொல்லலாம். போலீஸ் என்றால் கை கால் நடுங்குகிற குடும்பத்தில் பிறந்தவள் நான். மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வருவதற்குப் பத்து நாள்தான் இருந்தது. எல்லாம் சரி. ஆனால் மாஸ்டரிடம் எனக்கு என்ன பயம்? அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரே ஸ்டேஷனுக்குப் போன் செய்திருப்பார். சொல்லவில்லை. சொன்னால் "அவள விட்டுட்டு நீ மட்டும் எப்படி வந்த?" என்று கேட்பாரே. அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் உன்னை அங்கேயே விட்டேன். ஒரு கத்தியை இரவல் வாங்கி அன்றைக்கு உன் பங்கு வெங்காயத்தையும் சேர்த்து நானே நறுக்கினேன். கண் எரிந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு நான் அழுகிறேன் என்று தெரியாமல் போக அது வசதியாக இருந்தது.

உன்னை மத்தியானம் மூன்று மணி வரைக்கும் ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்களாம். உன் வீட்டுக்காரர் மில் வேலையைப் பாதியில் விட்டு வந்து, தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசின பிறகு அனுப்பினார்கள். கேஸ் ஒன்றும் போடவில்லை. கத்தி இரண்டையும் திருப்பித் தரவில்லை.

மறுநாள் சாயந்திரம் நான் உன் வீட்டுக்கு வந்தேன். நீ முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாய். முந்தானையைக் கன்னத்தோடு சேர்த்துப் போர்த்தியிருந்தாய். "பல்லு வலிட்டி" என்றாய். நான் மன்னிப்புக் கேட்பதற்கு வாயெடுப்பதற்குள் நீயே, "உன் கத்தி போச்சுட்டி. எம்புட்டோ கேட்டுப் பாத்தேன், தர மாட்டேன்னுட்டாக" என்று என்னிடம் வருத்தப்பட்டாய். நீ என்னிடம்! பிறகு கொடியைப் பார்த்துக்கொண்டே, "மாஸ்டர்ட்ட ஒரு வார்த்த சொல்லுதியா? கத்தி வேலைக்குத்தான் கொண்டுபோனதுன்னு. நான் சொன்னா சண்டைக்கு வாராப்ல இருக்கும்" என்றாய்.

"சொல்லுதேன்" என்றேன்.

சொல்லவில்லை. அதற்குள் கதை ராஜபாளையம் போய்ச் சேர்ந்துவிட்டது. "கத்தியோட பிடிச்சாங்களாம்லா" என்று பாத்திரம் கழுவுகிறவள் வரைக்கும் பேசினாள். அடுத்த கல்யாணம் தெலுங்கு பேசுகிற பெரிய வீட்டுக் கல்யாணம். "அந்த வீட்டுல இதெல்லாம் தெரிஞ்சா நமக்குத்தான் அசிங்கம். அவ கொஞ்ச நாள் வேண்டாம்" என்று மாஸ்டர் சொன்னார். அங்கே ஆறு பெண்கள் நின்றோம். உண்மை தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் முட்டைக்கோஸின் மேல் இலையை உரித்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "இனி நறுக்குற பொம்பளைகள நீ பாத்துக்கிடுதியா?" என்றார். பாத்துக்கிடுதேன் என்று தலையாட்டினேன்.

எல்லாவற்றையும் சொல்வதாக இருந்தால் இதையும் சொல்ல வேண்டும். அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வயிற்றுக்குள் ஒரு மூலையில் குளுகுளுவென்று இருந்தது. அவ்வளவு நாளும் நான் உனக்கு அடுத்தவள். ஆறின சோறு போட்டால் மாஸ்டரிடம் சண்டைக்கு நிற்பது நீ. நறுக்குகிறவர்களுக்கும் முதல் பந்திச் சாப்பாடு வேண்டும் என்று கேட்டு வாங்கித் தந்தது நீ. எல்லோரும் உன்னைத்தான் பார்ப்பார்கள். அன்றைக்கு முதன்முதலாக என்னைப் பார்த்தார்கள். உன் இடம் எனக்குப் பிடித்திருந்தது.

கொஞ்ச நாள் என்று சொன்ன நாள் முடியவே இல்லை. நீ மார்க்கெட் ஓரத்தில் சாக்கு விரித்து, வாழைப்பூ ஆய்ந்து, கீரைத்தண்டு நறுக்கிப் பொட்டலம் போட்டு விற்க ஆரம்பித்தாய். வேலைக்குப் போகிற பெண்கள் சாயந்திரம் வாங்கிக்கொண்டு போனார்கள். நான் அந்த வழியாகப் போவதைக் குறைத்துக்கொண்டேன். எதிரே பார்த்துவிட்டால் நீதான் முதலில் பேசுவாய். "மண்டபத்துல இப்ப முதப் பந்தியிலயே போடுதாகளா?" என்று ஒரு தரம் கேட்டாய். "போடுதாக" என்று பொய் சொன்னேன். உனக்குப் பின்னால் அதைக் கேட்கிற வாய் எங்களில் யாருக்கும் இல்லை. பழையபடி கடைசிப் பந்திதான்.

என் மகள் கல்யாணத்துக்கு நீ வந்தாய். எல்லோரும் மொய் எழுதிப் போன பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பொட்டலம் கொடுத்தாய். பிரித்துப் பார்த்தால் ஒரு நீளக் கத்தி, புதிது. அதற்கு வெள்ளை உறை, நைலான் நரம்புத் தையல், மேலே காது. "பழசு ஸ்டேஷன்லயே போச்சுல்லா. உனக்கு ஒண்ணு செய்யணும்னு இருந்தேன்" என்றாய். என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எதுக்குட்டி இதெல்லாம்?" என்று சிடுசிடுத்தேன். ஆமாம், உன்னிடம் கோபப்பட்டேன். நீ ஒரு தரமாவது என்னைத் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அந்த வசதியைக்கூட நீ தரவில்லை என்கிற கோபம்.

பிறகு உனக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்துக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்தாய். கை வீங்கி, கத்தி பிடிக்க முடியாமல் போனது. கடைசியாக உன்னைப் படுக்க வைத்தபோது நான் பார்க்க வந்தேன். ஆப்பிள் தின்னலாம் என்று நர்ஸ் சொன்னதால் ஒன்றை எடுத்து, நீ தந்த கத்தியாலேயே தோல் சீவினேன். நீ என் கத்தி உறையை வாங்கி, விரலை உள்ளே விட்டுப் பார்த்து, "தளந்துட்டுட்டி. மாத்தணும்" என்றாய்.

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். "ஏட்டி, அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நான்..." என்று தொடங்கினேன்.

"தோலை மெலிசாச் சீவுட்டி. பாதிப் பழம் அதோட போகுது" என்றாய்.

உனக்குக் கேட்கவில்லையா, கேட்டும் வேண்டாம் என்று விட்டாயா, எனக்கு இன்றுவரை தெரியாது. இன்னொரு தரம் தொடங்கியிருக்கலாம். நான் தோலை மெலிதாகச் சீவினேன். அதற்கு அடுத்த புதன்கிழமை நீ போய்விட்டாய்.

பதினாறாம் நாள் முடிந்ததும் நான் மாஸ்டரிடம் போனேன். அவருக்கும் வயதாகி, இப்போது நாற்காலியில் உட்கார்ந்துதான் வேலை வாங்குகிறார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்மா. ஒண்ணு நீளக் கத்தி, ஒண்ணு குட்டைக் கத்தின்னு ஸ்டேஷன்ல பாத்தவன் வந்து சொன்னான். அடுத்த முகூர்த்தத்துக்கு நீ புதுக் கத்தியோட வார. எனக்குத் தெரியாதா? நீ வாயத் தொறப்பேன்னு பாத்தேன். தொறக்கல. சரி, நமக்கும் தோதாப் போச்சுன்னு விட்டுட்டேன்."

"என்ன தோது?"

"அவ எதுக்கெடுத்தாலும் கேள்வி கேப்பாள்லா."

நான் எழுந்து வந்துவிட்டேன். அந்த வேலைக்கு அதன் பிறகு போகவில்லை. இதைப் பெரிய காரியம் என்று உன்னிடம் சொல்லிக்கொள்ள வரவில்லை. மகன் சம்பாதிக்கிறான், போகாமல் இருக்க எனக்கு முடியும். உனக்கு அன்றைக்கு முடியவில்லை.

உண்மை தெரிய வேண்டியவர் இன்னும் ஒருவர் இருந்தார். உன் வீட்டுக்காரர். உங்கள் மகன் திருப்பூரில் இருக்கிறான், அவர் மட்டும் அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். ஒரு சாயந்திரம் போனேன். நார்க்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வாம்மா" என்றார். நான் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன். அந்த நீளக் கத்தி என்னுடையது, அண்ணே. நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். அவள் இரண்டும் தன்னுடையது என்று சொன்னாள்.

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு ஸ்டேஷன்ல இருந்து கூட்டிட்டு வந்து அவள அடிச்சேம்மா. ஒரே அடி. அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் நான் அவளத் தொட்டதில்ல. ஒரு கத்தின்னா சரி, ரெண்டாவது கத்தி எதுக்குடி கொண்டுபோனன்னு கேட்டேன். பதிலே சொல்லல. அதான் கோவம் வந்துட்டு. சொல்லவே இல்லையேம்மா. கடைசி வரைக்கும் சொல்லலையே."

முந்தானையைக் கன்னத்தோடு போர்த்திக்கொண்டு நீ துணி உலர்த்தினது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவர் என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "நீ சொல்லாம இருந்திருக்கலாம்மா. தப்பு அவ மேலதான்னு இத்தன வருசம் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இனி நான் யார்கிட்டப் போயி மன்னிப்புக் கேக்க?"

என் பாரத்தை இறக்கி வைக்கத்தான் போனேன் ஏட்டி. இறக்கினேன். ஆனால் அறுபத்தைந்து வயது மனிதரின் தலையில் இறக்கிவிட்டு வந்தேன். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாதது ஒரு பாவம் என்றால், காலம் கடந்து போய்ச் சொன்னது இன்னொன்று. முதல் பாவத்துக்காவது பயம் என்று பெயர் வைக்கலாம். இரண்டாவது, எனக்கு நிம்மதி வேண்டும் என்று செய்தது.

இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் அவருக்குக் குழம்பு வைத்துக் கொண்டுபோகிறேன். வேண்டாம் என்று சொல்வதில்லை. சாப்பிட்டுப் பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தருகிறார். பேச்சு ஒன்றும் கிடையாது. நானும் எதிர்பார்ப்பதில்லை.

போன வெள்ளிக்கிழமை பாத்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல் நின்றார்.

"அந்த ரெண்டாவது கத்தி எப்படிம்மா இருக்கும்?" என்றார்.

சொன்னேன். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். புளிய மரத்துப் பிடி. பிடியில் ஒரு விரிசல், அதில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும்.

"கம்பி யாரு சுத்துனது?"

"அவதான் அண்ணே."

தலையை ஆட்டினார். "அடுத்தவ கத்தியக்கூட அவ நல்லாத்தான் வச்சிருந்திருப்பா, என்னா?" என்றார்.

"என்னவிட நல்லா வச்சிருந்தா" என்றேன்.

அவர் உள்ளே போய்விட்டார். நான் ஈரப் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். உன் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு நாலு வீடுதான். அன்றைக்கு அந்த நாலு வீட்டைக் கடக்க எனக்கு வெகு நேரம் ஆனது. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. மறுபடியும் போக வேண்டும்.